சிலைக்குச் சிலிர்த்த கதை

ஒன்பது

"சிரிக்கவே மாட்டாராமே, நிஜமா?"

கேட்டவன் அரட்டை. கேட்கப்பட்டவர் வாயைத் திறக்கவில்லை. திறக்காமல் இருப்பதற்குத்தான் அவருக்குச் சம்பளம்.

வணிக வளாகத்தின் தரைத்தளம். நகரும் படிக்கட்டுக்குப் பக்கத்தில் முழங்கால் உயரத்துக்கு ஒரு மேடை. மேடைமேல் தொப்பி முதல் செருப்பு வரை வெள்ளிப் பூச்சு பூசிய ஒரு மனிதர். சட்டைக் கையை முழங்கை வரை மடித்து, ஒரு கையில் குடையை ஊன்றி, மறு கையால் தூரத்தில் எதையோ காட்டிக்கொண்டு நின்றார். காலடியில் ஓர் அட்டை: ‘இவரை அசைத்துவிட்டால் உங்களுக்குப் பரிசு.’ வளாகத்துக்கு வருகிறவர்கள் எல்லாரும் ஒருமுறையாவது அவருக்குப் பழிப்புக் காட்டிவிட்டுப் போவார்கள். வளாகமே அவரைச் சிலைக்காரர் என்றுதான் சொல்லும்.

அரட்டையைப் பற்றியும் ஒரு வார்த்தை. பெற்றவர்கள் வைத்த பெயர் அவனுக்கும் ஒன்று உண்டு. ஆனால் சம்பளத் தாளுக்கு வெளியே அதை யாரும் பார்த்ததில்லை. துப்பறியும் அலுவலகத்தில் உதவியாளன். முப்பது வயது. வாய் மட்டும் மூத்தது.

"அவரை விடு, இங்க வா" என்றபடி மேடம் வந்தார்.

அந்த அலுவலகத்தை நடத்தும் மேடம் இந்தத் தொழிலுக்கு வருமுன் பிசியோதெரபி பார்த்துக்கொண்டிருந்தவர். அப்போது நொண்டுகிறவர்களை நடக்க வைத்தார், இப்போது பொய்களை நொண்ட வைக்கிறார். அவர் கையில் ஒரு நீலக் கோட்டு. எதிரே இருக்கும் கைக்கடிகாரக் கடையின் சீருடை.

வழக்கு இதுதான். அன்று காலை கடை திறந்ததும், கவுண்டரில் வேலை பார்க்கும் பெண் கண்ணாடிப் பெட்டியைத் திறந்து கடிகாரங்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கடைக் காவலாளிக்குத் தன் பிளாஸ்க்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தாள். அதைக் குடித்த காவலாளி கதவோரத்தில் சுருண்டு விழுந்தான். பெண் ஆள் கூப்பிட வெளியே ஓடினாள். நாலு பேரோடு திரும்பி வந்தபோது பெட்டியில் இருந்த விலை உயர்ந்த கடிகாரத்தைக் காணோம். காவலாளி ஒரே ஒரு தடவை கண் திறந்து, "டீ... அந்தப் பொண்ணு குடுத்த டீ..." என்று முனகிவிட்டு மறுபடி சாய்ந்துவிட்டான். முதலாளிக்கு அது போதுமானதாக இருந்தது. பெண்ணைச் சோதித்தார்கள், கடிகாரம் இல்லை. "யார்கிட்டயோ கைமாத்திட்டா. சாயங்காலம் போலீசை வரச் சொல்லியிருக்கேன்" என்று முதலாளி சொல்லிவிட்டார்.

மேடத்தை அழைத்தது முதலாளி அல்ல. முற்பகலில் ஓர் ஆண் குரல் போன் செய்தது. "வாட்ச் கடைப் பொண்ணு எடுக்கலைங்க. நீங்க வந்து பாருங்க. அவ எடுக்கல." அவ்வளவுதான், வைத்துவிட்டார். குரலுக்குப் பின்னால் இந்த வளாகத்தின் அறிவிப்பு கேட்டது என்பதைத் தவிர வேறு துப்பில்லை.

"இந்தக் கோட்டோட கைநுனியைப் பாரு" என்றார் மேடம்.

நீலத் துணியில் வெள்ளித் தீற்றல்.

"ஆள் கூப்பிடப் பக்கத்துல இருக்கற மருந்துக் கடைக்குத்தான் நேரா ஓடினேன்னு அந்தப் பொண்ணு சொல்லுது. மருந்துக் கடை வலது பக்கம். இந்த மேடை இடது பக்கம். வழியில ஒட்டினதா இருக்க முடியாது."

அரட்டை திரும்பிச் சிலைக்காரரின் கையைப் பார்த்தான். மடித்த சட்டைக்குக் கீழே, வெள்ளிப் பூச்சு நாலு விரல் அகலத்துக்குத் தேய்ந்து தோல் தெரிந்தது.

"அடடா! ஓடி வந்து கையைப் பிடிச்சிருக்கா. வாட்சைக் கொடுத்திருக்கா. சிலையை யார் சோதிப்பாங்க? மேடம், இது மட்டும் நான் யோசிச்ச திட்டமா இருந்தா நானே எனக்குக் கை குலுக்கியிருப்பேன்."

"இருக்கலாம்" என்றார் மேடம். அந்த ‘இருக்கலாமை’ அவர் பின்னால் பல நாள் நினைத்து வருத்தப்பட்டார். "ஆனா இவர்கிட்ட கேட்டா பதில் வராது. முகத்துல ஒரு சுருக்கம்கூட விழாம நிக்கறதுக்குப் பழகின உடம்பு. அதனால முகத்தைக் கேட்க வேண்டாம். மத்ததைக் கேட்போம்."

"மத்ததுன்னா?"

"உடம்புல தசை மூணு ரகம். எலும்போட ஒட்டி இருக்கறது ஒண்ணு. கை, கால், கழுத்து, முகம். நுண்ணோக்கியில வெச்சா குறுக்கே வரிவரியாத் தெரியும். நம்ம சொல் கேட்கும், சீக்கிரம் களைச்சும் போகும்."

"நம்ம ஆபீஸ் ஊழியர் மாதிரி. கோடு போட்ட சட்டை."

"ரெண்டாவது இதயம். அதுக்கும் அதே வரி உண்டு. ஆனா இழை எல்லாம் கிளை விட்டு ஒண்ணோட ஒண்ணு பின்னிக் கிடக்கும். யார் சொல்லும் கேட்காது, ஒருநாளும் லீவு போடாது."

"அதே கோட்டுச் சட்டை, ஆனா முதலாளி. சரி, மூணாவது?"

"வரியே இல்லாத தசை. குடல்ல, ரத்தக் குழாய்ல, கண்ணோட பாவையைச் சுருக்கி விரிக்கிற இடத்துல, ஒவ்வொரு மயிர்க்காலுக்கு அடியிலயும் இருக்கு. அதுவும் நம்ம பேச்சைக் கேட்காது. பயந்தா புல்லரிக்கறதும், வெட்கப்பட்டா முகம் சிவக்கறதும் அது பண்ற வேலை. இவர் முதல் ரகத்தை அடக்கிட்டார். மத்த ரெண்டை அடக்க இவராலயும் முடியாது. நீ பேசு. நான் கழுத்து நாடியையும் கைமயிரையும் பார்க்கறேன்."

பேசு என்று அரட்டைக்கு உத்தரவு கிடைப்பது வருஷத்துக்கு ஒருமுறை நடக்கிற காரியம். அவன் மேடைக்கு முன்னால் போய் நின்றான். சுற்றிலும் கூட்டம் சேர்ந்தது.

"அண்ணே, வாட்ச் எங்கண்ணே? தொப்பிக்குள்ளயா?"

சிலைக்காரரின் கழுத்து நாடி நிதானமாகத் துடித்தது.

"போலீஸ் வந்தா சட்டையைக் கழட்டச் சொல்வாங்க. உள்ளேயும் வெள்ளிதானா, இல்ல வெறும் மனுஷன்தானா?"

கூட்டம் சிரித்தது. நாடி அப்படியே இருந்தது. மேடம் தலையை அசைத்தார்.

"சரி, உங்களுக்கு ஒரு சேதி. அந்தக் கடைப் பொண்ணு அழுதுட்டே இருக்குண்ணே. ஜெயிலுக்குத்தான் போகும்போல."

வெள்ளிக் கழுத்தில் நாடி குதிக்கத் தொடங்கியது. மேடத்தின் விரல் உயர்ந்தது. இந்த வழியில் போ என்று அதற்கு அர்த்தம்.

நாக்குக்கு எலும்பு கிடையாது, அது முழுக்கத் தசை என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆனால் அதுவும் முதல் ரகம், நம் சொல் கேட்கிற ரகம். நிறுத்து என்றால் நின்றிருக்கும். அரட்டை நிறுத்தச் சொல்லவில்லை. கூட்டம் சிரிக்கிறது, மேடம் விரல் உயர்ந்திருக்கிறது, இதற்குமேல் ஒரு மனிதனுக்கு என்ன வேண்டும்?

"இப்படி ஒரு பொண்ணைப் பெத்தவன் எங்கயோ ஆபீசுல வெள்ளையும் சொள்ளையுமா உட்கார்ந்திருப்பாண்ணே. சோறு போட்டானே, புத்தி போட்டானா? அந்த ஆளோட மூஞ்சியை ஒருநாள் பார்க்கணும். வெட்கங்கெட்ட மூஞ்சி எப்படி இருக்கும்னு தெரிஞ்சுக்கணும்!"

கூட்டம் கைதட்டியது. சிலைக்காரரின் முன்கையில், தேய்ந்துபோன அந்த நாலு விரல் இடத்தில், மயிர்க்கால்கள் ஒவ்வொன்றாக எழுந்து நின்றன. சுற்றியிருந்த வெள்ளிப் பூச்சு பொடிப்பொடியாக வெடித்தது. கண்ணின் பாவை அகலமாக விரிந்தது. குடை பிடித்த கை மட்டும் அசையவே இல்லை.

"சிலிர்த்திடுச்சு! மாட்டிக்கிச்சு!" என்று அரட்டை கத்தினான். விஷயம் தெரியாத ஒருவர், "பரிசு இவருக்கு!" என்று பதிலுக்குக் கத்தினார்.

அப்போதுதான் கடை வாசலில் அந்தப் பெண் நிற்பதை அரட்டை பார்த்தான். அவள் எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். அவள் அவனை முறைக்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சத்தம் கேட்டு முதலாளி ஓடி வந்தார். "நான் சொன்னேன் இல்ல? கூட்டுக் களவாணி! எங்க இவன் பெட்டி? எங்க மாத்தறான் துணியை?"

நகரும் படிக்கட்டுக்கு அடியில் துடைப்பமும் வாளியும் வைக்கிற ஒரு சிற்றறை. அங்கேதான் சிலைக்காரர் உடை மாற்றுவார். அவரை நடுவில் விட்டு முதலாளி, மேடம், அரட்டை, அந்தப் பெண் எல்லாரும் உள்ளே நெருக்கியடித்து நின்றார்கள். அறைக்குள் வந்த பிறகும் அவர் பேசவில்லை. குடையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

அரட்டை பையைத் திறந்தான். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, டை. கறுப்புப் பேன்ட். பளபளவென்று துடைத்த ஷூ. கழுத்தில் மாட்டுகிற ஓர் அடையாள அட்டை, ‘மேலாளர், கணக்குப் பிரிவு’. மூடிவிட்ட ஏதோ ஒரு கம்பெனியுடையது.

"பாருங்க மேடம், மேலாளராம்! சிலை வேலைக்கு டை கட்டிட்டு வர்ற முதல் ஆள் இவர்தான். வீட்டுல யாரை ஏமாத்தறீங்கண்ணே?"

அடியில் ஒரு டிபன் பாக்ஸ். மூடிமேல் நகப்பூச்சில் ஒரு சிவப்புப் பொட்டு. அரட்டை அதையும் திறந்து சோற்றைக் கிளறிப் பார்த்தான். கடிகாரம் இல்லை.

"மூடு அதை" என்றார் மேடம்.

அந்தக் குரலில் அவர் பேசி அரட்டை கேட்டதில்லை.

மேடம் மூடியை வாங்கிச் சிவப்புப் பொட்டைக் கட்டை விரலால் தடவினார். சற்று முன் கடையில் பெண்ணின் பையைப் பார்த்தபோது அதிலும் இப்படி ஒரு டிபன் பாக்ஸ் இருந்தது. அதே நிறம், அதே அளவு. மூடியில் இரண்டு பொட்டு. ஒரே சமையலறையில் ஒரே கை இரண்டு பேருக்குச் சாப்பாடு கட்டினால்தான், யாருடையது எது என்று தெரிய ஒன்று, இரண்டு என்று பொட்டு வைக்க வேண்டியிருக்கும்.

மேடம் டிபன் பாக்ஸை அந்தப் பெண் பக்கம் நீட்டினார். பெண் அதைப் பார்த்தாள். பிறகு சுவரைப் பார்த்தாள்.

அரட்டைக்கு விஷயம் தலையில் ஏறக் கொஞ்ச நேரம் பிடித்தது. பெத்தவன் மூஞ்சியைப் பார்க்கணும் என்று அவன் சொன்னது பெற்றவரின் மூஞ்சிக்கு ஒரு முழம் முன்னால் நின்று. ஊரைக் கூட்டி வைத்துக்கொண்டு. கைதட்டலும் வாங்கிக்கொண்டு.

"அவ எடுக்கலைங்க" என்றார் சிலைக்காரர்.

போனில் கேட்ட அதே குரல்.

"என் கண்ணு முன்னாடிதான் நடந்தது. இவ வெளியே ஓடினதும் அந்தக் காவலாளி எந்திரிச்சான். பெட்டியில இருந்து எடுத்தான், பூட்ஸுக்குள்ள போட்டான், திரும்பப் படுத்துக்கிட்டான். படுக்கறதுக்கு முன்னாடி என்னை நேராப் பார்த்தான். பார்த்துச் சிரிச்சான். சிலைதானேன்னு."

"அப்பவே ஏன்யா சொல்லல?" என்றார் முதலாளி.

"அசையக் கூடாதுங்க, அது வேலை... அப்படின்னு சொல்லிக்கலாம்." அவர் குடையைக் கீழே வைத்தார். "சொன்னா யாருய்யா நீன்னு கேப்பீங்க. இவ எதிர்ல இந்தக் கோலத்துல என்ன பதில் சொல்றது? எட்டு மாசமா நான் ஆபீஸ் போறேன்னுதான் வீட்டுல. இவ இங்க வேலைக்குச் சேர்ந்த அன்னிக்கு வேற எங்கயாவது போயிருக்கணும். பூச்சு இருக்கு, தெரியாதுன்னு நின்னுட்டேன். இன்னிக்கு இவ கத்திக்கிட்டு வந்து என் கையைப் பிடிக்கறா. எவனோ ஒரு ஆள்னு நெனச்சுத்தான் பிடிச்சா. அப்பவும் நின்னேன். பெத்த பொண்ணு பதறிக் கையைப் பிடிக்குது, நான் வானத்தைக் காட்டிக்கிட்டு நிக்கறேன்."

முதலாளி செருமினார். "கதை நல்லாத்தான் இருக்கு. அப்பன் மகளுக்குப் பேசாம வேற யாருக்குப் பேசுவான்? அந்தக் காவலாளி மயங்கிக் கிடக்கறான், அது பொய்யா?"

"அதைக் காவலாளி கைகிட்டயே கேட்டுடலாம்" என்றார் மேடம். "வாங்க."

முதலுதவி அறையில் காவலாளி கட்டிலில் நீட்டிப் படுத்திருந்தான். காலடிச் சத்தம் கேட்டபோது ஒரு கண் திறந்திருந்தது, கதவு திறந்தபோது மூடியிருந்தது. மருந்துக் கடைக்காரர் பக்கத்தில் விசிறிக்கொண்டிருந்தார். சட்டைப் பொத்தான், பெல்ட் எல்லாம் தளர்த்திவிட்டிருந்தார்கள். பூட்ஸ் மட்டும் காலில்.

"இதைக் கழட்டப் போனா தூக்கத்துலயே உதைக்கறாருங்க" என்றார் மருந்துக் கடைக்காரர்.

மேடம் காவலாளியின் வலது கையைப் பிடித்து மெதுவாக உயர்த்தினார். அவன் முகத்துக்கு நேர் மேலே கொண்டுபோய் நிறுத்தினார்.

"முதலாளி, நல்லாப் பாருங்க. இவருக்கு நிஜமாவே நினைவில்லைன்னா இந்தக் கைத் தசைக்கு உத்தரவு போட உள்ளே ஆள் இல்லை. விட்டா நேரா மூஞ்சியில விழும்."

விட்டார்.

கை விழுந்தது. ஆனால் பாதி வழியில் மரியாதையாக ஒதுங்கி, மூக்கைச் சுற்றிக்கொண்டு போய்த் தலையணையில் விழுந்தது.

"கெட்டிக்காரக் கை" என்றார் மேடம். மறுபடி தூக்கினார். மறுபடி விட்டார். மறுபடி மூக்குக்கு ஒரு கௌரவமான இடைவெளி.

இந்த இடத்தில் அரட்டை ஏதாவது சொல்வான் என்று மேடம் வழக்கம்போலத் திரும்பிப் பார்த்தார். அவன் குனிந்து பூட்ஸின் கயிற்றை அவிழ்த்தான். மயங்கிக் கிடந்த கால் விரல்கள் உள்ளே இறுக மடங்கின. "அதுவும் சொல் கேட்கிற ரகம்தான்" என்றார் மேடம். காலுறையின் பாதத்துக்கடியில் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது.

காவலாளி கண்ணைத் திறந்தான். அவனுக்குப் புல்லரித்திருந்தது. யாரும் கவனிக்கவில்லை.

முதலாளி கடிகாரத்தைக் காதில் வைத்துப் பார்த்தார், துடைத்தார், மறுபடி காதில் வைத்துப் பார்த்தார். பெண்ணிடம் ஏதாவது சொல்லியாக வேண்டும் என்பது அவருக்கும் தெரிந்தது. "கோட்டைப் போட்டுக்கிட்டு வேலையைப் பாரு" என்றார். அவருடைய அகராதியில் மன்னிப்புக்கு அதுதான் வார்த்தை.

திரும்பி வருகிற வழியில் மேடம் தணிந்த குரலில், "சோதனை என்னோடது. வாய்தான் உன்னோடது. துடிப்பு எகிறினா குற்றம்னு நான் எடுத்துக்கிட்டேன். அவமானத்துக்கும் அதே துடிப்புதான்னு எனக்குத் தெரியாதா? பாதி என் கணக்குல எழுதிக்கோ" என்றார்.

"மீதிப் பாதியே எனக்கு அதிகம் மேடம்" என்றான் அரட்டை. இதை அவன் நகைச்சுவையாகச் சொல்லவில்லை.

சிற்றறையில் சிலைக்காரர் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தார். எதிரே பெண் நின்றிருந்தாள். வாசல்வரை போன அரட்டை அதற்குமேல் போக முடியாமல் நின்றான்.

"எவனோ ஒரு ஆள்னு நெனச்சுப் பிடிக்கலப்பா" என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அவர் நிமிர்ந்தார்.

"சேர்ந்த முதல் வாரமே தெரியும். காதை வெச்சுக் கண்டுபிடிச்சேன். காதுக்குப் பின்னாடி உங்களுக்குப் பூசத் தெரியல."

"சொல்லவே இல்லையேம்மா."

"எப்படிச் சொல்றது? கூட வேலை பார்க்கறவங்க எல்லாம் உங்களைப் பார்த்துச் சிரிப்பாங்க. நானும் சேர்ந்து சிரிச்சிருக்கேன்பா. ஒருநாள் உங்க மூக்குல பேப்பர் உருண்டையை விட்டெறிஞ்சாங்க. நான் அங்கதான் இருந்தேன். இன்னிக்கு ஓடி வந்து கையைப் பிடிச்சப்பகூட ‘அப்பா’ன்னு வாய் வரைக்கும் வந்திச்சு. பக்கத்துல ஆளுங்க பார்த்துட்டு இருந்தாங்க. முழுங்கிட்டேன். நான் கூப்பிட்டிருந்தா நீங்க அசைஞ்சிருப்பீங்க இல்ல?"

சிலைக்காரர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். "அசைஞ்சிருப்பேன்" என்றார்.

அரட்டை உள்ளே வந்தான். "சார்" என்றான். அண்ணே என்கிற சொல்லுக்கு இனி உரிமையில்லை என்று தோன்றியது. "சார், நான் அங்க..." அதற்குமேல் வரவில்லை. வாழ்நாள் முழுக்க அவனைக் கைவிடாத நாக்கு அங்கே கைவிட்டது.

"உங்க வேலையைத்தானே தம்பி செஞ்சீங்க" என்றார் சிலைக்காரர். திட்டியிருக்கலாம். அதை அவன் தாங்கியிருப்பான்.

மதியச் சாப்பாட்டு நேரம். வளாகத்தில் நல்ல கூட்டம். பெண் போய்த் தன் டிபன் பாக்ஸை எடுத்து வந்தாள். தந்தையின் கையைப் பிடித்து, காலையில் பிடித்த அதே இடத்தில் பிடித்து, வெளியே அழைத்துவந்தாள். மேடைமேல் அவரை உட்கார வைத்தாள். ‘இவரை அசைத்துவிட்டால்’ என்ற அட்டையைக் கவிழ்த்து அதன்மேல் இரண்டு டிபன் பாக்ஸையும் வைத்துத் திறந்தாள். சிலை உட்கார்ந்து சோறு சாப்பிடுகிற அதிசயத்தைப் பார்க்கக் கூட்டம் கூடியது. கடைப் பெண்கள் இரண்டு பேர் வாயைப் பொத்திக்கொண்டு வந்தார்கள்.

"ஏய், யாருடி இது?"

"எங்க அப்பா" என்றாள்.

அவள் முகம் கழுத்திலிருந்து காதுவரை குப்பென்று சிவந்தது. ரத்தக் குழாய்த் தசை யார் சொல்லும் கேட்காது. ஆனால் அவள் தலையைக் குனியவில்லை. கழுத்தை நேராக வைத்துக்கொண்டு, கேட்டவளைப் பார்த்தபடியே அடுத்த வாய்ச் சோற்றைப் பிசைந்தாள்.

கூட்டத்தின் கடைசியில் நின்றிருந்த அரட்டைக்கும் முகம் எரிந்தது. மேடம் அவன் முழங்கையைத் தொட்டு, "போலாமா?" என்றார். போகுமுன் அவர்களை ஒருமுறை பார்த்து, தலையாவது அசைத்துவிட்டுப் போக வேண்டும் என்று நினைத்தான். கழுத்துத் தசை நம் சொல் கேட்கிற ரகம். நிமிரு என்று அவனும் சொல்லிப் பார்த்தான்.

அது கேட்கவில்லை.